மச்சக்காளை இருந்த கல்

மங்கையர்க்கரசியின் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் எடுக்க நான்கு பேர் மதுரைக்குப் போனார்கள். அந்தக் கடையில் வைரத்தை வெளியிலிருந்து பார்த்து எடுக்கிற பழக்கம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு கல்லுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

மங்கைக்கு முப்பத்தேழு வயது. விருதுநகரில், தபால் ஆபீசில் பார்சல் எடை போடுகிற வேலை. அவளோடு அண்ணன் தனுஷ்கோடி வந்திருந்தார். மாப்பிள்ளை சோலையப்பனுக்கு நாற்பத்திரண்டு. சாத்தூர் தாலுகா ஆபீசில் ஏதோ வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவரோடு அவருடைய அக்கா வெள்ளைத்தாய் வந்திருந்தாள்.

பெண் பார்த்த நாளிலிருந்து மங்கையும் சோலையப்பனும் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயிலில் பார்த்துக்கொண்டபோது நடுவில் பத்துப் பேர் நின்றார்கள். போனில் பேசினால் அந்தப் பக்கம் அக்கா இருந்தாள், இந்தப் பக்கம் அண்ணன் இருந்தார். சாப்பிட்டாயிற்றா என்று அவர் கேட்பார். ஆயிற்று என்று இவள் சொல்வாள். அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

மங்கைக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய அப்பாவைப் பற்றி.

அப்பா சங்கரலிங்கம் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் மேனேஜராக இருந்தவர். மழைக்குப் பயந்த மாதிரி அவர் வேறு எதற்கும் பயந்ததில்லை. ஒரு தூறல் விழுந்தால் ஒரு லோடு குச்சி நமத்துப்போகும். ஓய்வுபெற்ற அன்று கழுத்தில் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அறைக்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து வருடமாக விடவில்லை. அவரைக் கூடத்தில் உட்காரவைத்தால் கூடத்தில் பெய்தது. கொத்தனார் வந்து பார்த்தார். கூரை நல்ல கூரை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். யார் முகமும் அவருக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை. காலையும் மாலையும் மங்கை அவருக்குத் தலை துவட்டி, வேட்டி மாற்றி, வாளிகளைக் கொண்டுபோய்க் கொட்டுவாள். அண்ணன் வீட்டில் எல்லாம் மரச்சாமான்கள். அதனால் அப்பாவை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. மங்கை எங்கே போனாலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதற்கு முன் ஆறு வரன்கள் வீட்டுக்கு வந்தன. ஆறு வீட்டாரும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் என்ன சத்தம் என்று கேட்டார்கள். பிறகு வரவில்லை. அதனால்தான் ஏழாவது தடவை கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். நிச்சயம் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மங்கை தலையை ஆட்டியிருந்தாள். ஆட்டிய நாள் முதல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடையின் முதல் கவுன்டரில் ‘இருக்கிறார்’ சான்றிதழ் கேட்டார்கள். பெண், மாப்பிள்ளை இருவரும் இருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டுத் தருவது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டங்கள் இருக்கும். மங்கையின் தாளில் ஏழு கையெழுத்தும் இருந்தன. சோலையப்பனின் தாளைக் கவுன்டரில் இருந்த பெண் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமை காலியா இருக்கே சார்.”

சோலையப்பன் மேசையைப் பார்த்தார். அன்றைக்கு அதிகாரி லீவு என்று வெள்ளைத்தாய் சட்டென்று சொன்னாள். கவுன்டர் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று ஒரு முத்திரையைக் குத்தி உள்ளே விட்டாள்.

அவர்களுக்கு வைரம் காட்ட வந்தவர் பெயர் ஜெயவீரன். கோட்டுப் போட்டிருந்தார். ரகசியம் போலப் பேசினார். சத்தமாகப் பேசினால் கற்கள் திடுக்கிடும் என்றார். நான்கு பேரையும் ஒரு நடை வழியாக அழைத்துக்கொண்டு போனார். பத்தடி இருந்த நடை, அவர்கள் நடந்து முடிப்பதற்குள் ஒரு தெரு நீளத்துக்கு வந்துவிட்டது. அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். முகூர்த்த மாதத்தில் கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி நீளும், ஆடியில் சரியாகிவிடும் என்றார்.

அக்காவையும் அண்ணனையும் இரண்டு முக்காலியில் உட்காரவைத்தார். ஒரு நீலத் துணியின் மேல் முதல் கல்லை வைத்தார். இடுக்கியால் அதன் ஓரத்தில் எதையோ தொட்டுத் திறந்தார். தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார்.

மங்கையும் சோலையப்பனும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

அது ஒரு பெரிய வெள்ளைக் கூடம். தூசி இல்லை. நிழல் இல்லை. நடுவில் நின்றால் எல்லாப் பக்கமும் தானே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, “சுத்தமா இருக்கு” என்றாள் மங்கை. அது சுவர்களில் பட்டு, “மாசற்று விளங்குகிறது” என்று திரும்பி வந்தது. சோலையப்பன் “ம்” என்றார். அது “ஆம், அவ்வாறே” என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

வெளியிலிருந்து ஜெயவீரனின் குரல் பக்கத்தில் நிற்பவர் பேசுவது போலக் கேட்டது. இது முதல் தரமான கல், உள்ளே பேசுவதெல்லாம் வெளியே அப்படியே கேட்கும், அந்த அளவுக்குத் தெளிவு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் ரொம்பத் திருப்தியாக இருமினார். அந்த இருமல் உள்ளே செருமலாக வந்தது.

மங்கை சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது கல் லேசாக மஞ்சள் ஓடியது. உள்ளே எப்போதும் சாயங்காலம் நாலு மணி. ஒரு நீளமான வராந்தா இருந்தது. நடந்தார்கள். நடக்க நடக்க அது போய்க்கொண்டே இருந்தது. வலது பக்கக் கதவுகளுக்குப் பின்னால் யார் வீட்டு விசேஷமோ நடந்துகொண்டிருந்தது. ஒருவர் தலையை நீட்டி, நீங்கள் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். இரண்டும்தான் என்றார் சோலையப்பன். அவர் இரண்டு பேருக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மங்கை வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னொரு கதவு திறந்தது. இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வெளியே நாலு நிமிஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு முழங்கால் வலித்தது. அந்தக் கல் வேண்டாம் என்று ஆயிற்று.

மூன்றாவது கல்லை ஜெயவீரன் எடுக்கும்போதே தயங்கினார்.

“இதுல ஒருத்தர் இருக்காருங்க. சொல்லாம விக்கிறது எங்க வழக்கமில்ல.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு கரும்புள்ளி மாதிரி தெரியும், மற்றபடி நல்ல கல் என்றார். மங்கை கல்லை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் பார்சல் எடை போட்ட கை அது. தராசுக்கு முன்னால் அது சொல்லிவிடும். நூறு மில்லிகிராம் இருக்கும் என்றாள். சரியாகச் சொன்னீர்கள் என்றார் ஜெயவீரன். அவரையும் சேர்த்தா என்று கேட்டாள். அவரையும் சேர்த்துத்தான் என்றார்.

உள்ளே வெளிச்சம் கொஞ்சம் மங்கலாக, வீட்டு வெளிச்சம் போல இருந்தது. ஒரு மடக்கு நாற்காலியில் கறுத்த, சிறிய உருவம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி கட்டித் துண்டு போட்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கல் உண்டான நாளிலிருந்து எழுந்ததில்லை என்றார்.

“என் பேரு மச்சக்காளை. உட்காருங்கம்மா.”

ஒரே நாற்காலிதான் இருந்தது. அதைத் துண்டால் தட்டிவிட்டு மங்கையின் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார். மங்கை உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

வெளியே பேசுகிற சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. இங்கே பேசினால் வெளியே கேட்குமா என்று அவள் கேட்டாள். கேட்காது என்றார் மச்சக்காளை. தான் நடுவில் இருப்பதால் மற்றவர்கள் சத்தம் தன் மேல் பட்டு நின்றுவிடும், தன் குரல் மட்டும்தான் வெளியே போகும், அதைத்தான் எல்லோரும் குறை என்று சொல்கிறார்கள் என்றார். பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க பேசுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். இத்தனை காலமா ஒரு பேச்சும் கேக்காம இருந்தாச்சு. இன்னும் அரைமணி நேரம் கேக்காம இருக்கறது ஒண்ணும் பெருசில்ல.”

அவர் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

மங்கையும் சோலையப்பனும் முதன்முதலாகத் தனியாக இருந்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். நீங்கள் சொல்லுங்கள் என்று அவளும், இல்லை நீங்கள் என்று அவரும் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் அவர் சொன்னார்.

“செவ்வாய்க்கிழமை நான் இருக்க மாட்டேங்க.”

“எங்க போவீங்க?”

“போறதில்லைங்க. இருக்க மாட்டேன்.”

ஒன்பது வயதிலிருந்து அப்படித்தான் என்றார். திங்கட்கிழமை படுப்பார். புதன்கிழமை எழுவார். நடுவில் படுக்கையில் ஆள் கிடந்த அடையாளமே இருக்காது. ஆபீசில் வாரத்துக்கு ஒரு காரணம் சொல்லி லீவு எழுதிச் சமாளித்து வருகிறார். நல்லவேளையாக யாரும் செவ்வாய்க்கிழமையில் விசேஷம் வைப்பதில்லை. அதனால் இத்தனை வருடமாக ஊருக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தனக்கு அதிர்ஷ்டம் என்றார்.

வலிக்குமா என்று கேட்டாள். வலிக்காது என்றார். ஆனால் புதன்கிழமை விடிந்ததும் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் திரும்பி வர வழி தெரியாது. முப்பத்துமூன்று வருடமாக அக்காதான் கூப்பிடுகிறாள். ஒரு புதன்கிழமைகூடத் தவறியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். இனிமேல் நீதான் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்றுதான் இத்தனை நாள் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தார்.

மங்கைக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவள் வீட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவள் அம்மா உயிரோடு இருந்தவரை ரேஷன் கடையில்கூடச் சொல்லமாட்டாள், அட்டையைத்தான் நீட்டுவாள். மங்கை நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

“சோலையப்பன்.”

“இந்தா இருக்கேன்” என்றார் அவர்.

சரியாக இருந்ததா என்று கேட்டாள். சரியாக இருந்தது என்றார்.

பிறகு மங்கை சொன்னாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள். தீப்பெட்டி ஆபீசைப் பற்றி, கழுத்து மாலையோடு அவர் வந்து உட்கார்ந்ததைப் பற்றி, கொத்தனாரைப் பற்றி, வாளிகளைப் பற்றி, ஆறு வரன்களைப் பற்றிச் சொன்னாள். ஐந்து வருடத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சக்காளையின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

சோலையப்பன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?”

அவளுக்குப் புரியவில்லை. அப்போதுதான் அவர் தன் வேலை என்னவென்று சொன்னார். தாலுகா ஆபீசுக்குப் பின்னால் ஒரு மழைமானி இருக்கிறது. செவ்வாய் தவிர தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே இருக்கும் குடுவையை எடுத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வருடமாகப் பூஜ்யம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு வருடம் ஜூலையில் இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. கலெக்டர் ஆபீசுக்கெல்லாம் போன் பண்ணிவிட்டார். அப்புறம் பார்த்தால் அது மழை இல்லை.

அப்பா அறையில் பெய்கிற மழையைப் பற்றி அவர் வரிசையாகக் கேட்டார். ராத்திரியும் பெய்யுமா, காற்று உண்டா, இடி இடிக்குமா. இடி கிடையாது என்றாள் மங்கை. ஐப்பசியில் மட்டும் கொஞ்சம் சாரல் அடிக்கும் என்றாள். ஐப்பசியிலா என்று கேட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு யோசித்தார். விரலால் தரையில் கோடு போட்டுப் பார்த்தார்.

“கிழக்கால ஒரு ரூம் இருக்குங்க. சிமெண்டுத் தரைதான். நல்ல வாட்டம். தண்ணி தேங்காது.”

மங்கை அந்த வார்த்தையை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். தண்ணி தேங்காது. தபால் ஆபீசில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது நன்றி என்று சொல்கிறவள் அவள். ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தால் நன்றி, சில்லறை கொடுத்தால் நன்றி. இப்போது அந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. நெஞ்சில் கனமாக ஏதோ உட்கார்ந்தது. எவ்வளவு கனம் என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதைக் கையில் எடுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் ஆனதும் மச்சக்காளை காதிலிருந்து துண்டை அவிழ்த்தார். ஆச்சா என்று கேட்டார். ஆயிற்று என்றார்கள். சந்தோஷம் என்றார். என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வெள்ளைத்தாய் கண்ணாடியை வாங்கிக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“நிச்சயத்தன்னைக்கு நாலு பேரு கையப் பிடிச்சுப் பாப்பாக. உள்ள ஒரு ஆளு உக்காந்திருந்தா என்ன சொல்லுவாக?”

அண்ணனும் அதையே சொன்னார். முதல் கல்லையே எடுத்துவிடலாம், அதில் ‘ம்’ என்றதுகூட எவ்வளவு நன்றாகக் கேட்டது என்றார். அதற்கு அவசியமே இல்லை என்று ஜெயவீரன் குனிந்து சொன்னார். மாடியில் ஒரு இயந்திரம் இருக்கிறது. ஊசி மாதிரி ஒரு கதிரை உள்ளே விட்டால் ஐந்து நிமிஷத்தில் கல் சுத்தமாகிவிடும். வாங்குகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்புறம் அவர் எங்கே போவார் என்று மங்கை கேட்டாள்.

“போக மாட்டாருங்க. இருக்க மாட்டாரு.”

ஜெயவீரன் தாளையும் பேனாவையும் சோலையப்பனின் முன்னால் வைத்தார். சோலையப்பன் தாளைப் படித்தார். இரண்டு பக்கமும் படித்தார். பேனாவை மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் திரும்பத் தள்ளினார்.

“இருக்க மாட்டாருன்னா என்னன்னு எனக்குத் தெரியும்ங்க. ஒரு நாளைக்கே தாங்காது.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளைத்தாய் தம்பியைப் பார்த்தாள். மங்கையைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், தம்பி சொல்லிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணாடியைத் துணியின் மேல் வைத்தாள். வெகுநேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கூப்பிடுவியா?” என்று கேட்டாள்.

“கூப்பிடுவேன் மதினி. இப்பவே ஒருதரம் கூப்பிட்டுப் பாத்தாச்சு.”

“வந்தானா?”

“வந்தாக.”

வெள்ளைத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உள்ளே இருக்கிறவர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அவருக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டாள். வெளிச்சம் இருந்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டார் என்றார் ஜெயவீரன். நல்ல மனுஷன் என்றாள் அவள்.

அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. மங்கையைத் தனியாக இழுத்து, அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டாயா என்று காதோடு கேட்டார். சொல்லிவிட்டேன் என்றாள். அண்ணன் முக்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஏழாவது வரனும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சோலையப்பன் அக்காவிடம், பெண்ணின் அப்பாவும் நம் வீட்டுக்கு வருகிறார் என்று சொன்னார். மழையோடு வருகிறார் என்றும் சொன்னார். எத்தனை மில்லிமீட்டர் என்பதை அளந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். வெள்ளைத்தாய் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“மொட்டை மாடியில மட்டும் அவரை ஏத்தாதீக. மிளகாய் காயப்போட்டிருக்கேன்” என்றாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். எழுந்து வந்து சோலையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை. தான் மரச்சாமான் வாங்கியிருக்கக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பரவாயில்லை, தேக்கா என்று கேட்டார் சோலையப்பன். தேக்குத்தான் என்று சொல்லி அண்ணன் அழுதார்.

கல் பதிக்கிற ஆசாரி கடையின் பின்கட்டில் இருந்தார். அங்கே போவதற்குள் நடை இன்னும் நீண்டது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆசாரி மோதிரத்தைத் தீக்குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவரின் முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டார். விரல் பக்கம் வைத்தால் வெளியே யாருக்கும் தெரியாது. வெளிப்பக்கம் வைத்தால் எல்லோருக்கும் தெரியும். சிலர் இப்படிக் கேட்பார்கள், சிலர் அப்படிக் கேட்பார்கள் என்றார்.

எல்லோரும் மங்கையைப் பார்த்தார்கள். அவள் கல்லை எடுத்து, மச்சக்காளையிடமே கேட்டாள். காதருகே வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

“என்னையவா கேக்குறீங்க?” என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். யோசித்துச் சொல்லலாமா என்று கேட்டது. சொல்லுங்கள் என்றாள் மங்கை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆசாரி ஒரு டீ வாங்கிக் குடித்தார். அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் மச்சக்காளை, ஆள் நடமாட்டம் தெரிகிற பக்கமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்று உடனே கூச்சப்பட்டு, முடியாவிட்டால் விரல் பக்கமே இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆசாரி அவர் முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி கல்லைப் பதித்தார்.

மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். சாத்தூர் போகிற பஸ். விருதுநகரில் நின்று போகும். வெள்ளைத்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் மோதிரப் பெட்டியை வைத்துக்கொண்டாள். பெட்டி மூடியிருந்தது. பஸ் பெரியார் நிலையத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே இருட்டாக இருக்குமே என்று தானே சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தாள். பஸ்ஸில் நகையைத் திறந்து காட்டலாமா என்று பின்சீட்டிலிருந்து அண்ணன் பதறினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

மச்சக்காளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அது என்ன என்பார். அது பாலம் என்பாள். அது? அது எருமை. அது? அது கல்யாண மண்டபம். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். திருமங்கலத்தில் ஒருவர் சைக்கிளில் வாழைத்தார் கொண்டுபோனதை, கண்ணுக்கு மறைகிற வரை காட்டச் சொன்னார்.

கள்ளிக்குடி தாண்டியதும் வெறும் பொட்டல். இரண்டு பக்கமும் கருவேலம்தான்.

“இது என்னம்மா?”

“கருவேலம்.”

“இதுவும்?”

“அதுவும் கருவேலந்தான்.”

“அந்தா, அது?”

அவள் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் பதில் சொன்னாள். கை வலித்தபோது பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பின்சீட்டில் மங்கை அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் சோலையப்பன் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டின் பின்புறத்தில், கிழக்கு அறையின் நீளம் அகலத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

விருதுநகர் வந்தது. மங்கையும் அண்ணனும் இறங்கினார்கள். அப்பாவுக்கு வேட்டி மாற்றுகிற நேரமாகியிருந்தது. ஆனாலும் பஸ் கிளம்பட்டும் என்று அவள் நின்றாள். மோதிரப் பெட்டி அவள் பக்கமாகத் திரும்பியது. ஜன்னலுக்குள் வெள்ளைத்தாய் குனிந்து பேசுவது தெரிந்தது.

“இது யாரும்மா?” என்று கேட்டார் மச்சக்காளை. அவளைப் பார்த்தவர்தான். ஆனால் வெயிலில் பார்த்ததில்லை.

“அது மங்கை” என்றாள் வெள்ளைத்தாய். “நம்ம வீட்டுப் பொண்ணு.”

உள்ளேயிருந்து ஒரு நன்றி கேட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.